பரண்மேல் இருந்த இரட்டைக்குழல்



வீட்டுக் காரியங்களைப் பற்றி இப்பக்கத்தில் திங்கள்தோறும் உரையாடி வருகிறோம். நிலப்பத்திரம், நகை அடகு, பழைய கடிகாரம், பாட்டியின் பித்தளைப் பாத்திரம் என்று எத்தனையோ பொருள்களைக் குறித்து அன்பர்கள் வினவியதுண்டு. ஆனால், மூன்று திங்களுக்கு முன் வந்த மடலைப் போன்ற ஒன்று இதுகாறும் வந்ததில்லை. எழுதியவர் கீழ்ப்பழனி மலைச்சரிவில் காப்பியும் மிளகும் பயிரிடும் குடும்பத்தின் இரண்டாம் மகன். அவர்தம் இசைவுடன், ஊரும் பேரும் நீக்கி, மடலின் சாரத்தைக் கீழே தருகிறோம்.

“ஐயா, எங்கள் தந்தையார் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அவர் இளைஞராக இருந்தபோது வேலை செய்த தோட்டத்தின் உரிமையாளர், தம் உரிமத்திலிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை முறைப்படி அவர் பெயருக்கு மாற்றித் தந்தார். பன்றிக் கூட்டம் வந்தால் அப்பா அதை வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டுவார். குழலின் மேல் ‘ரிச்சர்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இணையத்தில் தேடியபோது, அது புகழ்பெற்ற இங்கிலாந்து நிறுவனம் என்றும் பல இலட்சம் பெறும் என்றும் அறிந்தோம். அண்ணன், ‘தோட்டத்தைக் காப்பவன் நான், துப்பாக்கி எனக்கே’ என்கிறார். நானோ, அதை விற்று மூவரும் பங்கிட்டுக்கொள்வதே நியாயம் என்கிறேன். தங்கையின் மகளுக்குத் திருமணம் நெருங்குகிறது. இதன் பொருட்டு நானும் அண்ணனும் நாற்பது நாள்களாகப் பேசிக்கொள்வதில்லை. துப்பாக்கி இப்போது அம்மாவின் அறையிலுள்ள பரண்மேல், பழைய போர்வையில் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. அதன் உண்மையான மதிப்பு என்ன, அதை எப்படி அறிவது என்று தாங்கள் சொல்ல வேண்டும்.”

மதிப்பைப் பற்றி அவர் கேட்டார். நாமோ அன்றே தொலைபேசியில் அழைத்து, மதிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், இரண்டு செய்திகளை மட்டும் கூறினோம்.

முதலாவது, அத்துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள எவரும் அதைத் தொடுதல் ஆகாது; திறந்து பார்க்கவும் வேண்டா. இரண்டாவது, உரிமம் என்பது ஆளுக்குரியதேயன்றி வீட்டுக்குரியதன்று. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உரிமம் பெற்றவர் இறந்தாலோ உரிமம் காலாவதியானாலோ, அந்தத் துப்பாக்கியை வீணான தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்தல் வேண்டும். எட்டு மாதம் என்பது சிறு தாமதமன்று. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ‘அது அப்பாவுடையது’ என்னும் விடை அங்கே செல்லாது.

அன்பர் திகைத்துப்போனார். எனினும், நல்ல மனத்துடன் மறுநாளே காவல் நிலையம் சென்று, தந்தையாரின் இறப்புச் சான்றிதழையும் உரிமப் புத்தகத்தையும் காட்டி, நடந்ததை எழுத்தில் தந்தார். நிலையத்தார் கடிந்துகொண்டாலும், காரியத்தை முறையாக நடத்திக்கொடுத்தனர். துப்பாக்கியைப் பெற்றுக்கொள்ள முதிர்ந்த தலைமைக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். போர்வையைப் பிரித்தார், குழல்களின் முனையைச் சுவரை நோக்கித் திருப்பினார், மேலிருந்த நெம்புகோலை விரலால் ஒதுக்கித் துப்பாக்கியை மடித்தார்.

வலக்குழல் வெறுமையாக இருந்தது. இடக்குழலில் ஒரு தோட்டா இருந்தது.

எட்டு மாதங்களாக அந்தப் பரணின்கீழ் அவர்களுடைய அன்னை உறங்கியிருக்கிறார். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் அதே பரணில் ஏறிக் கண்ணாமூச்சி விளையாடியிருக்கிறார்கள். தங்கை அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாராம். அண்ணனும் தம்பியும் நாற்பது நாள்களுக்குப் பின் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

மேலே எழுதியதும் கீழே குத்தியதும்

துப்பாக்கி திருச்சியிலுள்ள, உரிமம் பெற்ற ஒரு கடையில் ஒப்படைக்கப்பட்டது. மதிப்பை அறிய ஒரு நாள் சகோதரர் இருவரும் அங்கே வந்தனர், நாமும் சென்றோம். கடையின் பெரியவர் ஐம்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி பழுது பார்ப்பவர். அவர் முதலில் கூறிய சொல்லை வாசகர் மனத்தில் பதித்துக்கொள்ளல் நன்று: “தம்பி, குழலுக்கு மேலே எழுதியிருப்பது விற்றவன் சொன்னது. கீழே குத்தியிருப்பது சோதித்தவன் சொன்னது. கீழே இருப்பதைப் படியுங்கள்.”

இதை விளக்குவோம். துப்பாக்கி செய்யும் நாடுகள் பலவற்றில், எந்தக் குழலையும் விற்குமுன் அரசு ஏற்ற சோதனைச் சாலையில் மிகுதியான மருந்திட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. தாங்கிய குழலுக்கு முத்திரை உண்டு. இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. பெல்ஜியத்தின் லீயேஜ் நகரச் சோதனைச் சாலையோ 1672இலிருந்து வழிவருவது. இம்முத்திரைகள் குழல்களின் அடிப்புறத்தில், துப்பாக்கியை மடித்துக் குழல்களைக் கழற்றினால் மட்டுமே தெரியும் தட்டையான பகுதியில் இருக்கும்.

பர்மிங்காம் முத்திரையில், 1904க்கு முற்பட்டதாயின் முடியின்கீழ்க் குறுக்காக வைத்த இரு செங்கோல்களும், பிற்பட்டதாயின் முடியின்கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்னும் எழுத்துகளும் காணப்படும். என்.பி. என்பது புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்டது எனப் பொருள்படும். லீயேஜ் முத்திரை நீள்வட்டம். அதனுள் ஈ, எல், ஜி என்னும் எழுத்துகளும் ஒரு விண்மீனும் இருக்கும். 1893 முதல் அந்நீள்வட்டத்தின்மேல் ஒரு முடியும் சேர்க்கப்பட்டது.

பெரியவர் குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை அண்ணனிடம் தந்தார். “நீங்களே படியுங்கள்” என்றார். அண்ணன் நெடுநேரம் பார்த்தார். செங்கோல் இல்லை. நீள்வட்டம் இருந்தது; அதன்மேல் முடி இருந்தது; உள்ளே ஈ, எல், ஜி இருந்தன.

ஆக, அது இங்கிலாந்துத் துப்பாக்கியன்று; பெல்ஜியத்தில் செய்தது. பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்னும் நிறுவனம் பெரும்புகழ் பெற்றிருந்த காலத்தில், பெல்ஜியத்திலிருந்து மலிவான துப்பாக்கிகள் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்னும் பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்றன. முன்னெழுத்தை விரைந்து படிப்பவர் ஏமாறுவர். நூறாண்டுக்கு முன் வாங்கியவர் ஏமாந்தார்; நூறாண்டுக்குப் பின் இணையத்தில் தேடியவரும் அவ்வாறே ஏமாந்தார்.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்கத்தாவின் மான்டன், ராடா முதலிய கடைகளின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் நம் நாட்டில் பல உண்டு. அப்பெயர் விற்ற கடையைக் குறிக்கலாம். செய்த பட்டறை வேறாக இருக்கலாம். ஆதலால் பெயர் ஒரு தடயமே தவிர, தீர்ப்பு ஆகாது.

வயதை அறிவது எவ்வாறு?

துப்பாக்கியின் உடலே அதன் பிறப்புச் சான்றிதழ் எனலாம். நம் அன்பரின் துப்பாக்கியில் இரு பக்கமும் வெளியே தெரியும் குதிரைகள் இருந்தன. அவற்றைக் கட்டைவிரலால் பின்னிழுத்தபின்னரே விசையை அழுத்த வேண்டும். 1875இல் ஆன்சன், டீலி என்னும் இருவர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் குதிரைகளை உள்ளே மறைத்த எளிய அமைப்பை உருவாக்கினர். பிற்காலத்து இரட்டைக்குழல்களுள் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவையே. எனினும் வெளிக்குதிரைத் துப்பாக்கிகள் அதன் பின்னும் பல்லாண்டு செய்யப்பட்டன. ஆகையால், குதிரையை மட்டும் கொண்டு ஆண்டைக் கூற இயலாது.

குழலின் மேற்பரப்பைப் பெரியவர் சாய்த்துக் காட்டினார். பாய் பின்னியது போன்ற, நீரோட்டம் போன்ற கோலம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. இதற்கு டமாஸ்கஸ் குழல் என்று பெயர். இரும்பும் எஃகும் கலந்த கம்பிகளை முறுக்கி, நாடாவாக்கி, ஓர் உருளையின்மேல் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைத்த குழல் அது. லீயேஜ் நகருக்கு அருகிலுள்ள வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக இத்தொழிலைச் செய்தனர். முதல் உலகப் போருக்குப் பின் இக்கலை ஏறத்தாழ மறைந்துபோயிற்று.

நீள்வட்டத்தின்மேல் முடி இருப்பதால் 1893க்குப் பிற்பட்டது. லீயேஜ் சாலை 1922 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தொன்றையும் குத்தியது. அவ்வெழுத்து இதில் இல்லை. ஆகவே 1893க்கும் 1922க்கும் இடைப்பட்டது. பெரும்பாலும் 1914இல் போர் மூளுமுன் செய்தது எனலாம். நூறு வயது தாண்டிய பொருள்.

அதன் அளவு பன்னிரண்டு. இவ்வெண் எங்கிருந்து வந்தது என்று பலர் அறியார். குழலின் உட்புறத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். அதனால் அது பன்னிரண்டு. குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். பதினாறாம் எண், இருபதாம் எண் என்று எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

மதிப்பைக் கூட்டுவனவும் குறைப்பனவும்

பழையது என்பதாலேயே ஒரு துப்பாக்கி விலை பெறுவதில்லை. பெரியவர் நிரல்படக் கூறியவற்றை நாம் குறித்துக்கொண்டோம்.

முதலில் செய்தவர் யார் என்பது. இலண்டனின் பர்டி, ஹாலண்டு அண்டு ஹாலண்டு, பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர் போன்ற பட்டறைகளின் நல்ல படைப்புகளுக்கு உலகச் சந்தையில் மதிப்புண்டு. அத்தகைய துப்பாக்கியில் வரிசை எண் இருக்கும். உடல், குழல், குழலின்கீழுள்ள முன்கட்டை ஆகிய மூன்றிலும் எண் ஒத்திருக்க வேண்டும். பழைய பட்டறைகள் சிலவற்றின் பேரேடுகள் இன்றும் உள்ளன. எண்ணைக் கொடுத்தால் செய்த ஆண்டை அறியலாம்.

இரண்டாவது, இயக்க அமைப்பு. பக்கத் தகட்டில் இயங்குறுப்புகளைப் பொருத்திய கைவேலைத் துப்பாக்கி உயர்ந்த விலை பெறும். பெட்டி போன்ற உடலுக்குள் அடங்கிய அமைப்பு அதற்கு அடுத்தது. சுட்ட தோட்டாவைத் தானே வெளியே எறியும் உறுப்பு இருந்தால் மதிப்புக் கூடும்.

மூன்றாவது, குழலின் உடல்நலம். பெரியவர் குழல்களைத் தனியே கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். நல்ல குழல் மணிபோல் நீண்டு ஒலிக்குமாம். இதுவோ, விரிசல் விட்ட கோவில் மணியைப் போல் ‘டப்’ என்று அடங்கிற்று. இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் ஈயப்பற்று உள்ளே விட்டுப்போயிற்று என்பது அதன் பொருள். குழலை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், உட்சுவரில் அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள். திரும்பப் பொருத்தி மூடினால், குழலுக்கும் உடலுக்கும் இடையே தாளொன்று நுழையும் இடைவெளி.

நான்காவது, மூலநிலை. அன்பர் கொண்டுவருமுன் தங்கைமகன் உப்புத்தாள் போட்டுக் கட்டையைப் பளபளப்பாக்க முற்பட்டிருந்தானாம். நல்லவேளையாகத் தாய் தடுத்துவிட்டார். பழம்பொருளைத் தேய்ப்பதும், மெருகிடுவதும், திருகுகளைக் கண்டபடி கழற்றுவதும் மதிப்பை அழிக்கும் செயல்கள்.

“வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு நம் ஊரில் பெருவிலை என்கிறார்களே?” என்று தம்பி கேட்டார். அது ஓரளவு உண்மை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் இறக்குமதி பெரிதும் தடைப்பட்டமையால், முன்பே வந்த நல்ல துப்பாக்கிகளுக்கு இங்கே தனிமதிப்பு ஏற்பட்டது. ஆனால் வாங்குவோரும் அருகிவிட்டனர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் வேட்டை ஒழிந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்குப் பதில் இரண்டே வைத்திருக்கலாம். உரிமம் உள்ளவர்க்கே விற்க முடியும். அவர் உடைந்த மணியை விலைகொடுத்து வாங்குவாரா?

பெரியவர் ஒரு தொகையைச் சொன்னார். சகோதரர்கள் கனவு கண்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் அதுவன்று.

அண்ணனின் கேள்வி

அதுவரை வாய் திறவாதிருந்த அண்ணன், “விலை போகாவிட்டால் போகட்டும். எனக்கு உரிமம் வாங்கித் தோட்டத்தில் வைத்துக்கொள்கிறேன். அப்பா முப்பது ஆண்டு சுட்டாரே, ஒன்றும் நேரவில்லையே!” என்றார்.

நியாயமான கேள்வி. சட்டத்தில் அதற்கு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி, இறந்தவரின் வாரிசு, மற்ற வாரிசுகளின் இசைவுடன், தம் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமம் பெற்றவர் உயிரோடிருக்கும்போதே, எழுபது வயதை எட்டினாலோ இருபத்தைந்து ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கவும் இடமுண்டு. இதைத் தந்தையார் செய்திருப்பாராயின், இந்த வழக்கே எழுந்திராது. துப்பாக்கி உள்ள இல்லங்களின் முதியோர் இதைக் கருதிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஆனால் பெரியவர் தலையசைத்தார். டமாஸ்கஸ் குழல் கருமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவிலுள்ள புகையற்ற மருந்தின் அழுத்தம் வேறு வகையானது. லீயேஜில் புகையற்ற மருந்துக்குச் சோதித்த குழலுக்கு, நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் பி.வி. என்னும் எழுத்துகளும் கொண்ட தனி முத்திரை உண்டு. இதில் அது இல்லை. முறுக்கி ஒட்டிய நாடாக்களின் இடுக்கில் துரு கண்ணுக்குத் தெரியாமல் தின்றுகொண்டே செல்லும். “நூறு முறை தாங்கும், தம்பி. நூற்றொன்றாம் முறை எங்கே வெடிக்கும் தெரியுமா?” என்று கேட்டு, குழலைத் தாங்கிப் பிடிக்கும் தம் இடக்கையைத் திறந்து காட்டினார். “உங்கள் அப்பா தப்பியது துப்பாக்கியின் நலத்தால் அன்று.”

அண்ணன் தம் இடக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

‘பழம்பொருளுக்கு உரிமம் தேவையில்லையே’ என்று சிலர் கூறுவதுண்டு. சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையிலுள்ள பழங்காலப் படைக்கலங்களுக்கே பொருந்தும். கடையில் கிடைக்கும் தோட்டாவை ஏற்கும் பன்னிரண்டாம் எண் துப்பாக்கி, எவ்வளவு முதுமையுற்றதாயினும், அவ்விலக்குக்குள் அடங்காது. சுவரில் அழகுக்கு மாட்டலாம் என்று எவரும் எண்ண வேண்டா.

முடிவு என்ன ஆயிற்று?

திரும்பும்போது சகோதரர் இருவரும் ஒரே பேருந்தில் ஏறினர். அருகருகே அமர்ந்தனர் என்று பின்னர் அறிந்தோம். வீட்டில் மூவரும் தாயாரின் முன்னிலையில் கூடிப் பேசினர். துப்பாக்கியை உரிய அனுமதியுடன் அக்கடை வழியாகவே விற்றுவிடுவது, விற்பனை ஆகாவிடில் அரசிடமே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. கிடைப்பது சிறு தொகையாயினும், அது தங்கையின் மகள் திருமணத்துக்கே என்று அண்ணன் முதலில் சொன்னாராம். பன்றிக்கு வேலியும் விளக்கும் போடுவதாகவும் கூறியிருக்கிறார்.

அன்பரின் இரண்டாம் மடலில் ஒரு வரி நம்மைத் தொட்டது. “அப்பா எப்போதும் வெறுமையாக்கிவிட்டே வைப்பார். நோயுற்ற கடைசி மாதத்தில்தான் மறந்திருக்க வேண்டும். அவரை யாரும் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. அந்தத் தோட்டா அவருடைய தவறு மட்டுமன்று, ஐயா.” பெரியவர்கள் கைதளரும் காலத்தில் அவர்தம் துப்பாக்கியை மட்டுமன்று, பெட்டிச் சாவியையும் மருந்துச் சீட்டையும் பத்திரக்கட்டையும் பிள்ளைகள் உடனிருந்து பார்த்துக்கொள்ளுதல் கடமை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

தந்தையாரின் தோல் தோட்டாக் கச்சை மட்டும் வெறுமையாக வீட்டில் இருக்கிறது. அதற்கு உரிமம் வேண்டா. அம்மா அதை அப்பாவின் படத்தின்கீழ் ஆணியில் மாட்டியிருக்கிறாராம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பொருள் ஒன்று இருக்குமாயின், விலையை நாளை கேட்கலாம். இன்று அதைத் தொடாமல், பிள்ளைகளை அப்பால் அழைத்துச் சென்று, காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.